அடுப்பை உடைப்பது நெருப்பல்ல, ஈரம்

மாரிக்கு முன் அடுப்படியைத் திருத்தும் குடும்பங்களுக்குச் சில செலவுக் கணக்குகள்

தம்புள்ளைக்குச் சற்று அப்பால், வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டில். நாம் போனபோது அங்கே வாழும் தாய் ஒருவர் அடுப்பின் முன் குந்தியிருந்து களிமண் பிசைந்துகொண்டிருந்தார். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். ஊர்விட்டு ஊர் மாறி, கடைசியில் பிறர் காணியில் குத்தகைக்குப் பயிரிடும் நிலைக்கு வந்த குடும்பம்.

"இந்த எடத்துக்கு வந்து இது மூணாவது அடுப்பு தம்பி. ஒவ்வொரு மழைக்கும் ஒண்ணு போவுது" என்றார் அவர். "போன வருசம் சீமெந்து வச்சுப் பூசுனோம். தோட்டைக் கழட்டி அடகு வச்சுத்தான் சீமெந்தும் வாங்கி மேசனுக்கும் கூலி குடுத்தோம். அதுவும் பொளந்துருச்சு. தோடு இன்னும் கடையிலதான் கெடக்கு."

இது அந்தத் தாய் ஒருவரின் கதை மட்டுமல்ல. 1977, 1983 கலவரங்களில் தோட்டங்களைவிட்டு ஓடியவர்களும், போரினால் வடக்கு கிழக்கிலிருந்து பெயர்ந்தவர்களும், 2017 ஜனவரியில் மொறகஹகந்த நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பத் தொடங்கியபோது மூழ்கிய நிலங்களுக்குச் சொந்தக்காரர்களாக இருந்தவர்களும் புதிய இடத்தில் முதலில் செய்த வேலை ஒன்றுதான். மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினார்கள். வீடு பிறகு வந்தது. ஆயினும் வீட்டுச் செலவைக் கணக்குப் பார்க்கும்போது அடுப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அது உடைந்தபின்தான் கையைக் கடிக்கிறது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையில் ஐந்து வீடுகளில் ஏறக்குறைய நான்கில் விறகே சமையல் எரிபொருளாக இருந்தது. ஆகவே அடுப்புப் பழுது என்பது சிறிய விடயமல்ல. எதற்குச் செலவு செய்வது, எதற்குச் செய்யாமல் விடுவது என்பதை இங்கே பார்ப்போம்.

ஏன் பிளக்கிறது?

நெருப்பின் சூட்டினால்தான் அடுப்பு வெடிக்கிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நன்கு காய்ந்த களிமண் சூட்டைத் தாங்கக் கூடியது. குயவர் சூளையில் அடுப்பறையைவிடக் கூடிய சூட்டில்தான் சட்டி பானைகளைச் சுடுகிறார். உண்மையில் அடுப்பைக் கெடுப்பது ஈரமே.

தம்புள்ளை உலர் வலயத்தின் ஓரத்தில் இருக்கிறது. வருடத்தின் பெரும்பகுதி வெயில்தான். ஆனால் ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை மழை விடாது பெய்யும்போது நிலமும் சுவரும் விறகும் ஊறிவிடுகின்றன. ஈரம் அடுப்புக்குள் மூன்று வழிகளில் போகிறது.

ஒன்று, கீழிருந்து. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, ஈர நிலத்தில் வைத்த களிமண் மேடை நீரை மேலே இழுக்கிறது. இரண்டு, மேலிருந்து. ஒழுகும் தகரமும், தாழ்வாரத்திலிருந்து தெறிக்கும் சாரலும், பொங்கி வழியும் கஞ்சியும் அடுப்பை நனைக்கின்றன. மூன்று, சாம்பலிலிருந்து. விறகுச் சாம்பலில் உள்ள உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரவு முழுவதும் அடுப்பினுள் சாம்பல் கிடந்தால் அது ஈரப் பஞ்சை உள்ளே வைத்தது போலாகும்.

இவ்வாறு ஊறிய அடுப்பில் காலையில் அவசரமாகப் பெருநெருப்பு மூட்டுகிறோம். மண்ணுக்குள் இருக்கும் நீர் ஆவியாகிறது. ஒரு பங்கு நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 பங்கு இடம் அதற்கு வேண்டும். வெளியேற வழியில்லாத ஆவி மண்ணைப் பிளந்துகொண்டு வருகிறது. முதலில் மயிரிழை போன்ற வெடிப்பு. அடுத்த மழைக்கு அந்த வெடிப்பிலே நீர் இறங்குகிறது. அதற்கடுத்த மழைக்கு அடுப்பு இரண்டாகிறது.

இதிலிருந்து செலவுக்கான முதற் பாடம் கிடைக்கிறது. ஈரம் வரும் வழியை அடைக்காமல் அடுப்பைத் திருத்தினால், அந்தப் பணம் அடுத்த மாரியோடு போய்விடும்.

பணத்தை எந்த வரிசையில் செலவு செய்வது?

கையில் கொஞ்சப் பணந்தான் இருக்கிறது என்றால் முதலில் அதைக் கூரைக்குச் செலவு செய்யுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள ஓட்டையை அடையுங்கள். சாரல் வரும் பக்கத்தில் தாழ்வாரத்தை ஒரு முழமாவது நீட்டுங்கள். கூரை நீர் விழும் இடத்தில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, நீரைக் குசினியிலிருந்து அப்பால் திருப்புங்கள். வாய்க்கால் வெட்ட மண்வெட்டியும் அரை நாள் உழைப்பும் போதும்.

இரண்டாவது, மேடை. அடுப்பை வெறும் நிலத்தில் வைக்க வேண்டாம். கருங்கல் அல்லது உடைந்த செங்கல் பரப்பி, அதன்மேல் ஓட்டையில்லாத தடித்த பொலித்தீன் தாளை விரித்து, அதற்குமேல் மண் மேடையை ஓர் அடி உயரத்துக்காவது எழுப்புங்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் இடையே கிடக்கும் அந்தத் தாள் நிலத்து ஈரம் ஏறுவதைத் தடுக்கும். நெருப்பிலிருந்து ஓர் அடி மண் அதைப் பாதுகாக்கும். உரப்பையின் வெளிப்பின்னல் இதற்கு உதவாது, அதில் நீர் புகும். உள்ளே வரும் மெல்லிய பையை இரண்டு மூன்று மடிப்பாகப் பாவிக்கலாம். மேடை உயர்ந்தால் சமைப்பவரின் முதுகுக்கும் ஆறுதல். தவழும் பிள்ளைக்கும் நெருப்பு எட்டாது.

மூன்றாவதாகத்தான் அடுப்பு. முதலிரண்டையும் செய்தவர்களுக்கு இந்த மூன்றாவது செலவு பெரும்பாலும் மண்ணும் உழைப்புமாகவே இருக்கும்.

சீமெந்து ஏன் உதவாது?

சீமெந்து பலமான பொருள் என்பது உண்மை. ஆனால் அது சுவருக்கும் தரைக்கும் உரிய பலம். நீரோடு சேர்ந்து இறுகுவதாலேயே சீமெந்துக்குப் பலம் வருகிறது. அடுப்பு வாயிலுள்ள சூட்டில் அந்த நீர் வெளியேறிவிட, பூச்சு பலமிழந்து உதிர்கிறது. அத்துடன் சூட்டில் சீமெந்து விரியும் அளவு வேறு, களிமண் விரியும் அளவு வேறு. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பிரிகின்றன. மேலும், மண்ணுக்குள் இருக்கும் ஈரத்தைச் சீமெந்துப் பூச்சு உள்ளேயே அடைத்துவைக்கிறது.

நமது தாயின் அடுப்பு பிளந்ததற்கு மேசனின் கைவேலை காரணமல்ல. பொருள் பொருந்தவில்லை. மேடையின் வெளிப்பக்கத்துக்கு, சூடு படாத இடத்துக்குச் சீமெந்து பூசலாம். நெருப்பு படும் இடத்துக்கு ஒருபோதும் வேண்டாம்.

இதுபோலவே பானை தாங்குவதற்காக இரும்புக் கம்பிகளைக் களிமண்ணுக்குள் புதைப்பதையும் தவிருங்கள். ஈரக் காலத்தில் கம்பி துருப்பிடிக்கும். துரு ஏறிய இரும்பு தடித்துப்போய்ச் சுற்றியுள்ள மண்ணை வெடிக்க வைக்கும். கம்பி வேண்டுமானால் எடுத்துக் கழுவக்கூடியதாக மேலே வையுங்கள்.

வெடிப்பை மூடும் முறை

தேவையான பொருட்கள்: களிமண் (புற்றுமண் கிடைத்தால் மிக நல்லது), மணல், உமி அல்லது விரலளவாக வெட்டிய வைக்கோல், கொஞ்சம் பசுஞ்சாணம். எல்லா மண்ணுக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. மூன்று பங்கு களிமண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு உமி என்று தொடங்கிச் சோதித்துப் பாருங்கள். கலவையில் ஒரு கையகல வில்லை தட்டி மூன்று நாள் நிழலில் காயவிடுங்கள். வெடித்தால் மணல் போதாது. தொட்டதும் உதிர்ந்தால் களி போதாது.

கலவையை நீர் விட்டு மிதித்து, மூடி, ஓரிரு நாள் புளிக்கவிட்டால் நன்றாக இழுபடும். பின் வெடிப்பிலுள்ள தளர்ந்த மண்ணைச் சுரண்டி எடுங்கள். வெடிப்பின் வாயைச் சற்று அகலமாக்குங்கள். மேலோட்டமாகப் பூசினால் நிற்காது. பழைய மண்ணில் நீர் தெளித்து ஈரமாக்கியபின் புதிய மண்ணை விரலால் உள்ளே அழுத்துங்கள். தடிப்பாக ஒரே முறையில் அப்பாமல் மெல்லிய படைகளாக, ஒன்று இறுகியபின் மற்றொன்றாகப் பூசுங்கள்.

முக்கியமானது காயவிடுவதுதான். நல்ல வெயில் காலத்தில் நிழலில் ஒரு வாரம் விடுங்கள். அந்த நாட்களில் வெளியே மூன்று கல் வைத்துச் சமையுங்கள். பின் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சுள்ளிகளால் சிறு நெருப்பு மட்டும் மூட்டுங்கள். அதன்பிறகே பெரிய பானை ஏற்றலாம். இந்தப் பொறுமை இல்லாததாலேயே பல புதிய அடுப்புகள் முதல் நாளே வெடிக்கின்றன.

இந்த வேலைக்கு ஏற்ற காலம் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்கள். சிறுபோக அறுவடை முடிந்து உமியும் வைக்கோலும் கிடைக்கும். பெரிய வெங்காயம் கிண்டிய கையில் கொஞ்சம் காசும் இருக்கும். வெயிலும் இருக்கும். மழை பிடித்தபின் பூசிய மண் காயாது. காயாத மண்ணில் நெருப்பு மூட்டினால் பழைய கதைதான்.

திருத்துவதா, புதிது வாங்குவதா?

குயவர் சூளையில் சுட்டுச் செய்யும் 'அனகி' அடுப்பைப் பலர் சந்தையில் பார்த்திருப்பீர்கள். கிராமத்து அடுப்பைச் சீராக்கும் முயற்சியில் சர்வோதய இயக்கம் 1970களின் இறுதியிலேயே இறங்கியது. 1980களின் நடுப்பகுதியில் இலங்கை மின்சார சபையும் ஐ.ரி.டி.ஜி. என்ற தொழில்நுட்ப அமைப்பும் சேர்ந்து அனகி அடுப்பை உருவாக்கின. அனகி என்ற சிங்களச் சொல்லுக்கு 'மிகச் சிறந்தது' என்று பொருள். ஒரே துண்டாக அமைந்த இதில் இரண்டு பானைகளுக்கு இடமுண்டு. முன் பானைக்கு நெருப்பு நேரே படும். மிஞ்சிய சூடு ஒரு வழியாகப் போய்ப் பின் பானையைச் சூடாக்கும். மூன்று கல் அடுப்போடு ஒப்பிடும்போது விறகில் நூற்றுக்கு முப்பது அளவு மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்லப்படுகிறது.

இதை வெறுமனே வைத்தும் பாவிக்கலாம். ஆனால் சுற்றிலும் மேலே சொன்ன களிமண் கலவையால் காப்பு இட்டால் சூடு வெளியே போகாது, அடுப்பும் கூடிய காலம் நிற்கும். வாங்கும்போது விரல் மொளியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்கு சுட்டது. மந்தமாக ஒலித்தால் வெடிப்பிருக்கலாம், அல்லது சூளையில் சரியாக வேகாததாக இருக்கலாம்.

ஏற்கெனவே உள்ள அடுப்பை எப்போது திருத்துவது, எப்போது கைவிடுவது? காப்பு மண்ணில் மட்டும் வெடிப்பு என்றால் திருத்துங்கள். உள்ளே உள்ள சுட்ட துண்டில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தாலும், துண்டுகள் அசையாமல் இருந்தால், சுற்றிலும் மண் காப்பைத் தடிப்பாக்கி மேலும் சில காலம் ஓட்டலாம். ஆனால் பானை இருக்கும் விளிம்பு உடைந்து பானை ஆடினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். கொதிக்கும் சோற்றுப் பானை பிள்ளைமேல் கவிழ்ந்தால் ஆகும் செலவுக்குமுன் புதிய அடுப்பின் விலை ஒன்றுமேயில்லை.

கணக்கில் வராத செலவு

அடுப்புப் பழுதின் பெரிய செலவு மண்ணிலோ கூலியிலோ இல்லை. அது விறகில் இருக்கிறது. பேச்சுக்கு, நல்ல அடுப்பில் நாளொன்றுக்கு 6 கிலோ விறகு எரிக்கும் வீடு, பிளந்த அடுப்பில் 8 கிலோ எரிக்கிறது என்று வைப்போம். நாளுக்கு 2 கிலோ பெரிதாகத் தெரியாது. மாதத்துக்கு அது 60 கிலோ. விலைக்கு வாங்குபவர் அதை உங்கள் ஊர் விலையால் பெருக்கிப் பாருங்கள். காட்டோரம் போய்ப் பொறுக்குபவர், தலைச்சுமையாக எத்தனை நடை என்று எண்ணிப் பாருங்கள். யானை நடமாடும் பக்கமென்றால் ஒவ்வொரு நடையும் உயிருக்கு ஆபத்து.

ஈர விறகு இதைவிட மோசம். பச்சை விறகின் நிறையில் ஏறத்தாழப் பாதி நீர். பத்துக் கிலோ பச்சை விறகை அடுப்பில் வைப்பது ஐந்து லீற்றர் நீரை நெருப்பில் ஊற்றுவதற்குச் சமம். கொதிக்கும் நீர் ஒரு லீற்றரை முழுவதும் ஆவியாக்கச் செலவாகும் சூட்டைக் கொண்டு ஏழு லீற்றர் குளிர் நீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அந்தச் சூடெல்லாம் புகையாய்ப் போகிறது.

எனவே கோடையிலேயே விறகைப் பிளந்து, நிலத்தில் படாமல் பரண்மேல் கூரைக்குக் கீழ் அடுக்குங்கள். வேலியோரத்தில் கிளிசரிடியாக் கம்புகளை நட்டால் கிளையை வெட்ட வெட்டத் தளிர்க்கும். இலை மாட்டுக்கும் பயிருக்கும், கம்பு அடுப்புக்கும் ஆகும். 2005இல் இதை நாட்டின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் அறிவித்தது சும்மாவல்ல.

புகைக்கும் ஒரு செலவுண்டு. வீட்டுக்குள் புகையும் அடுப்புகளால் கெடும் காற்று 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் உயிர்களைக் கொண்டுபோனதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அடுப்பருகே அதிக நேரம் இருப்பவர்கள் தாய்மாரும் அவர்கள் இடுப்பிலுள்ள குழந்தைகளுமே. இருமலுக்கு மருந்து வாங்கும் காசையும் அடுப்புக் கணக்கில் எழுத வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் இடையில் காற்றுப் போக இடம் விடுங்கள். தகரப் புகைபோக்கி ஈரத்தில் விரைவில் துருப்பிடிக்கும். அதன் தலைக்கு மழை இறங்காதபடி மூடி போட்டு, மாரிக்கு முன் கரியைத் தட்டி எடுங்கள்.

எரிவாயுவுக்கு மாறினால்?

வசதியுள்ளவர் மாறுவது நல்லதே, புகை இல்லை. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. காசு இருந்தவர்களுக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. அந்நாட்களில் மண் அடுப்பை உடைத்தெறியாமல் வைத்திருந்த வீடுகளில்தான் நேரத்துக்குச் சமையல் நடந்தது. எரிவாயு வந்தாலும் விறகடுப்பை உலர்வாக வைத்திருங்கள்.

சொந்தக் காணி இல்லாதவர்களுக்கு

நம்மில் பலர் எந்த நேரமும் எழும்பச் சொல்லக்கூடிய காணியில் இருக்கிறோம். அப்படியானவர்கள் நிலத்தோடு கட்டிய அடுப்புக்குப் பணம் போட வேண்டாம். சுட்ட அடுப்பை வாங்கி, மேடைமேல் வைத்து, மண் காப்பு இடுங்கள். போகும் நாளில் காப்பை உடைத்து அடுப்பைக் கையோடு கொண்டு போகலாம். கூரையைத் திருத்துவதாயின் அந்தச் செலவைக் குத்தகையில் கழிப்பாரா என்று காணிக்காரரிடம் முதலிலேயே கேட்டு, முடிந்தால் எழுதி வாங்குங்கள்.

அடுப்புக்காக வட்டிக்குக் கடன் வாங்கவோ நகை அடகு வைக்கவோ வேண்டிய அவசியம் இல்லை. நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மண் எடுத்து மிதித்தால், ஒருவர் வீட்டுக்கு மற்றவர் உதவியாக எல்லா அடுப்புகளும் ஒரு வாரத்தில் எழும்பிவிடும்.

நினைவிற் கொள்ள

1. முதலில் கூரை, பிறகு மேடை, கடைசியில் அடுப்பு.
2. மேடைக்கு அடியில் கல்லும் பொலித்தீனும் இடுக.
3. நெருப்புப் படும் இடத்தில் சீமெந்து பூசாதீர்கள்.
4. திருத்த வேலையை மழைக்கு முன், ஓகஸ்ட், செப்டெம்பரில் முடியுங்கள்.
5. தினமும் சாம்பலை அள்ளி, தணல் இல்லையென்று பார்த்து, மண் அல்லது தகரப் பாத்திரத்தில் வையுங்கள். கிடுகின் அருகே வைக்க வேண்டாம்.
6. சூடான அடுப்பில் நீர் ஊற்றி நெருப்பை அணைக்காதீர்கள். கொள்ளியை வெளியே இழுத்து அணையுங்கள்.
7. ஆடும் பானையோடு ஒரு நாளும் சமைக்காதீர்கள்.

நாம் விடைபெறும்போது அந்தத் தாய் பிசைந்த மண்ணை மூடிவைத்துவிட்டு எழுந்தார். மகனைக் கூப்பிட்டு, "மொதல்ல ஓட்டைய அடைப்பம் ராசா. அடுப்பு ரெண்டு நாள் கழிச்சு இருக்கட்டும்" என்றார். மகன் ஏணி எடுக்கப் போனான். அடகுக் கடையிலிருந்து தோட்டை மீட்க இன்னும் ஒரு வெங்காயப் போகம் ஆகலாம். ஆனால் நாலாவது அடுப்புக்காக மற்றத் தோடும் போகவேண்டியதில்லை.